மின்கார் வந்த வழி – 17: சக்கரத்துக்கு ஒரு மூடி

1996 டிசம்பரில் கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் ஜெனரல் மோட்டார்ஸ் குத்தகைக்கு விட்ட ஈவி1 காரின் பேட்டரியைப் பற்றிச் சென்ற பகுதியில் பார்த்தோம். இந்தப் பகுதியில் அதே காரின் பின்பக்கம் போய் நிற்போம். பின்சக்கரங்களின் மேற்பாதி கண்ணுக்கே தெரியாது. பாடியின் தகடு கீழே இறங்கி வந்து அவற்றை மூடியிருக்கும். இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடைப்பட்ட அகலம், முன்சக்கரங்களின் அகலத்தைவிட ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் குறைவு. மேலிருந்து பார்த்தால் கார் பின்னோக்கிக் குறுகிக்கொண்டே போகும். அன்றைக்கு அது விசித்திரமாகத் தெரிந்தது. இன்றைக்கு மின்கார் விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது இந்தச் சங்கதிதான்: கம்பி கம்பியாகத் திறந்திருந்த சக்கரம் இப்போது தட்டுப்போல் மூடிக் கிடக்கிறது. மின்கார் பொறியாளர்கள் புதிதாகக் கண்டுபிடித்த நுட்பம் இது என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சக்கரத்தை மூடினால் காற்று எளிதாக வழிவிடும் என்பது குறைந்தது நூறாண்டுகளாகத் தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் சாலைக்கு வராமல் ஏன் கிடந்தது, இப்போது மட்டும் ஏன் வந்தது என்பதே கேள்வி. வண்டி தன்னோடு சுமந்து செல்லும் ஆற்றல் அருமையாகிப்போன காலங்களில் எல்லாம் மூடி வந்தது, ஆற்றல் மலிவான காலங்களில் எல்லாம் அது கழன்றது. இதுவே என் வாதம். அதற்கான சான்றுகளை வரிசையாகப் பார்ப்போம். எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் மறைக்காமல் எடுத்துக்கொள்வோம்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய முதல் கார் மின்கார்தான். 1899 ஏப்ரல் 29 அன்று, பாரிஸுக்கு அருகில் அஷேர் என்ற இடத்தில், பெல்ஜியத்துக்காரரான கமிய் ஜெனாட்சி ‘லா ஜமே கோன்தான்த்’ என்ற வண்டியை 105.88 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அந்த வண்டியின் பாடி டார்பிடோ வடிவம். காற்றைக் கிழித்துப் போகவேண்டும் என்ற எண்ணம் அதில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் படத்தைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு விஷயம் உறுத்தும். ஓட்டுநர் இடுப்புக்கு மேல் முழுவதும் வெளியே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். நான்கு சக்கரங்களும் பாடிக்குக் கீழே ஒரு மறைப்பும் இல்லாமல் தொங்குகின்றன. காற்றைப் பற்றிய யோசனை பாடியோடு நின்றுவிட்டது, சக்கரத்தை எட்டவில்லை. எட்டிய இடம் வானம். முதல் உலகப்போரின் சண்டை விமானங்களில் சக்கரங்களின் ஆரக்கால்களை மூடி லினன் துணியைக் கட்டி, அதன்மேல் மெருகெண்ணெய் போன்ற பூச்சைப் பூசினார்கள். தரையில் சில நொடிகள் மட்டுமே உருளும் சக்கரத்துக்கு அத்தனை சிரத்தை! காரணம் உண்டு. பறக்கும்போது அந்தச் சக்கரம் வெறும் சுமை, அதன் கம்பிகள் ஒவ்வொன்றும் காற்றைக் கலக்கும். எஞ்சினின் குதிரைத்திறன் குறைவு, எரிபொருளை அளந்துதான் ஏற்ற முடியும், ஒவ்வொரு கிலோவும் உயரம் ஏறுவதைப் பாதிக்கும். துணியோ ஏறத்தாழ எடையே இல்லாதது. கணக்கு உடனே நேரானது.

தரையில் இந்தப் பாடத்தை முதலில் எடுத்துக்கொண்டவர்கள் சாதனைக்காக ஓட்டியவர்கள். 1938 ஜனவரி 28 அன்று ஃபிராங்க்ஃபர்ட்–டார்ம்ஸ்டாட் நெடுஞ்சாலையில் ருடால்ஃப் கரச்சியோலா மணிக்கு 432.7 கிலோமீட்டர் ஓட்டிய மெர்சிடிஸ் காரில் சக்கரங்கள் பாடிக்குள்ளேயே மறைந்திருந்தன. அமெரிக்காவில் பான்வில் உப்புப் படுகையில் வேகப் போட்டிக்கு வந்தவர்கள், டீன் மூன் விற்ற வழுவழுப்பான அலுமினியத் தட்டுகளைச் சக்கரத்தின் மேல் திருகினார்கள். 1954இல் ரீம்ஸ் பந்தயத்தில் சக்கரங்களை மூடிய மெர்சிடிஸ் டபிள்யூ196 வென்றது. அடுத்து சில்வர்ஸ்டோனில் அதே காரை ஓட்டிய ஃபாஞ்சியோவுக்குத் தன் முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், திருப்பங்களில் வைத்திருந்த பீப்பாய்களில் கார் இடித்தது. அதற்கடுத்த நூர்பர்க்ரிங் பந்தயத்துக்கு சக்கரம் திறந்த பாடி தயாரானது. இந்தச் சிறு நிகழ்ச்சியில் மூடியின் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. மூடி காற்றுக்கு நல்லது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பது பலனளிக்கும் இடத்தில்தான் மூடி தங்கும்.

காற்றுக்கு அது ஏன் நல்லது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் வாதம் முழுவதும் இதன்மேல் நிற்கிறது. ஓடும் காரின் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி, தரையைப் பொறுத்து அசைவதே இல்லை. உச்சிப் புள்ளி காரின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கில் முன்னே பாய்கிறது. உச்சிப்பகுதி மட்கார்டுக்குள் இருப்பதால் ஓரளவு பிழைத்துப்போகிறது. கீழ்ப்பகுதியே நேராகக் காற்றோட்டத்தில் நிற்கிறது. அதிலும் முன்சக்கரத்துக்கு வரும் காற்று நேர்முகமாக வருவதில்லை. காரின் மூக்கு பிளந்துவிட்ட காற்று, பக்கவாட்டில் விலகிக்கொண்டே சாய்வாக வந்து சக்கரத்தில் மோதுகிறது. டயர் தரையோடு நெருங்கும் இடத்தில் காற்று நசுங்கி இரு பக்கமும் பீச்சியடிக்கிறது. சக்கரத்தின் கம்பிகளோ சுழன்றபடி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுகின்றன. அதாவது கார் ஓடும்போது நான்கு மின்விசிறிகளையும் சேர்த்தே ஓட்டுகிறது. இப்படி வெளியே வந்த காற்று, காரின் பக்கவாட்டில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஓட்டத்தோடு மோதிச் சுழல்களை உண்டாக்குகிறது. அந்தச் சுழல்கள் காரின் பின்புறம் வரை போய், அங்கே உண்டாகும் வெற்றிடத்தையும் பெரிதாக்கிவிடுகின்றன. சக்கரங்களும் அவை இருக்கும் குழிகளும் சேர்ந்து, ஒரு நவீன காரின் மொத்தக் காற்றுத் தடையில் கால்பங்கு அளவுக்குப் பொறுப்பு. பாடி எவ்வளவு வழுவழுப்பாகிறதோ அவ்வளவுக்குச் சக்கரத்தின் பங்கு கூடும். மூடி செய்வது இரண்டு வேலை: உள்ளிருந்து வெளியே காற்று பாயும் வழியை அடைக்கிறது, டயரின் பக்கச்சுவரும் ரிம்மும் சேரும் விளிம்பில் இருக்கும் மேடுபள்ளத்தைச் சமப்படுத்துகிறது. நடுப்பகுதியைத் திறந்துவைத்தாலும் பெரிய நஷ்டமில்லை, வெளிவட்டத்தை மூடுவதே முக்கியம். இன்றைய மூடிகள் பலவற்றில் நடுவே மட்டும் சிறு பிளவுகள் இருப்பதற்கு அதுவே காரணம்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் சாலைக் கார்கள் ஏன் காதில் போட்டுக்கொள்ளவில்லை? ஒரு பங்கு காரணம் ஆய்வுமுறையில் இருந்தது. காற்றுச் சுரங்கத்தில் கார் அசையாமல் நிற்கும், அதன்மேல் காற்று வீசும். தரையும் அசையாது, சக்கரமும் சுழலாது. சுழலாத சக்கரத்தை வைத்துச் சக்கரத்தின் தொல்லையை அளக்கமுடியாது. முழு அளவுக் காருக்கு அடியில் பெல்ட் ஓட்டி, சக்கரங்களையும் சுழலவிட்டு அளக்கும் வசதி கார் தொழிலில் பரவலானது 1990களின் கடைசியிலும் அதற்குப் பிறகும்தான். ஆனால் கருவி இல்லாததையே முழுக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. பான்வில்லில் தட்டு மாட்டியவர்களிடம் சுரங்கமே கிடையாது. கடிகாரம் ஒன்றுதான் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. உண்மைக் காரணம், பெட்ரோல் மலிவாக இருந்ததும் மூடியின் தொல்லை அதைவிடப் பெரிதாக இருந்ததும். 1955இல் வந்த சிட்ரோயென் டிஎஸ் பின்சக்கரங்களைப் பாடியால் மூடிய அபூர்வமான கார். பஞ்சரானால் சக்கரத்தைத் தொடுவதற்கு முன் பின்மட்கார்டு முழுவதையும் கழற்றவேண்டும். அதை ஒரே போல்ட்டில் நிற்கும்படி அமைத்திருந்தார்கள் என்பது அந்தப் பொறியாளர்களின் அக்கறைக்குச் சாட்சி. இவ்வளவு அக்கறை காட்டக்கூடிய கம்பெனி உலகில் அதிகம் இல்லை.

1973இன் எண்ணெய் நெருக்கடி வந்ததும் காட்சி மாறியது. மூடிகள் மறுபடி தலைகாட்டின. 1982இல் வந்த ஆடி 100 காரின் இழுவைக் கெழு (வடிவம் காற்றுக்கு எவ்வளவு தடை என்று சொல்லும் எண்) 0.30, கண்ணாடிகள் பாடியோடு சமமாக ஒட்டியிருந்தன, சக்கரங்களுக்குத் தட்டையான மூடி வந்தது. ஃபோர்டு தன் ‘புரோப்’ ஆய்வுக் கார்களில் முன்சக்கரத்தையும் விடவில்லை: ஸ்டியரிங் திரும்பும்போது வளைந்துகொடுக்கும் சவ்வால் அவற்றை மூடினார்கள். 1985இல் வந்த ஐந்தாவது புரோப்பின் கெழு 0.137 வரை இறங்கியது. இன்று விற்பனையாகும் மின்கார்கள் எதுவும் எட்டாத எண் அது. ஆனால் 1986இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. புரோப்பின் சவ்வுகள் காட்சிக்கூடத்தோடு நின்றன. அடுத்து வந்த காலம் பெரிய ரிம், மெல்லிய கம்பி, பளபளக்கும் அலாய் வீலின் காலம். அறிவு குறைந்ததால் மூடி போகவில்லை. 1985இன் பொறியாளர் 1990இலும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். எண்ணெயின் விலைதான் இறங்கியிருந்தது.

அதே ஆண்டுகளில் ஆற்றலுக்குத் தவம் கிடந்த வண்டி ஒன்று மட்டும் இருந்தது. 1987 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரிலிருந்து அடிலெய்ட் வரை, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர், வெயிலை மட்டுமே நம்பி ஓடும் கார்களுக்கு முதல் பந்தயம் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸுக்காகப் பால் மெக்ரெடியின் ஏரோவைரன்மென்ட் நிறுவனம் சேர்ந்து உருவாக்கிய ‘சன்ரேசர்’ அதை வென்றது. சராசரி வேகம் மணிக்கு 66.9 கிலோமீட்டர். மெக்ரெடி மனிதக் கால்பலத்தில் பறக்கும் விமானம் செய்தவர். ஆற்றல் பஞ்சத்தில் வேலை செய்து பழகிய கை. சன்ரேசரின் கெழு 0.125. சக்கரங்களின் பெரும்பகுதி பாடிக்குள்ளேயே போய்விட்டது. அதைச் செய்த குழுவிடமிருந்தே ‘இம்பாக்ட்’ மாதிரி வந்தது, 1990 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் நின்றது. அதிலிருந்து ஈவி1 பிறந்தது. ஆக, மின்காரின் மூடிய சக்கரத்துக்கு நேர் மூதாதை சூரியக் கார். ஈவி1இன் ஈய அமில பேட்டரி 500 கிலோவுக்கும் மேல் எடை. அதில் அடங்கிய மின்சாரம் 16.5 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் உண்டு. அரை டன் பேட்டரியைச் சுமந்துகொண்டு, இரண்டு லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவான ஆற்றலோடு வீட்டை விட்டுக் கிளம்பிய கார் அது. அதன் கெழு 0.19 என்பதில் வியப்பில்லை. மொத்தம் 1,117 கார்களோடு அந்தக் கதை முடிந்ததையும், பெரும்பாலானவை திரும்பப் பெறப்பட்டு நசுக்கப்பட்டதையும் தனியாகச் சொல்லவேண்டும். வேறொரு பகுதியில் வரும்.

இங்கே முதல் எதிர்ப்பு எழும். 1999இல் வந்த ஹோண்டா இன்சைட்டும் பின்சக்கரத்தை மூடியது. டொயோட்டா பிரியஸ், அலாய் வீலின் மேலேயே பிளாஸ்டிக் மூடி போட்டது. இரண்டிலும் பெட்ரோல் டேங்க் இருந்ததே, ஆற்றலுக்கு என்ன பஞ்சம்? நியாயமான கேள்வி. ஆனால் அவை விற்றதே மைலேஜை. வாங்குபவர் காரின் முகத்தைப் பார்க்குமுன் லிட்டருக்கு எத்தனை என்று பார்த்தார். அந்த ஒரு எண்ணுக்காகவே உருவான கார்களில் எண்ணெய் மலிவோ அருமையோ, சிக்கனமே சரக்கு. அவற்றைத் தவிர அதே கம்பெனிகளின் மற்ற பெட்ரோல் கார்கள் திறந்த சக்கரத்தோடு ஓடிக்கொண்டிருந்தன என்பதையும் மறக்கக்கூடாது.

இனி கணக்குக்கு வருவோம். 2017இல் வந்த டெஸ்லா மாடல் 3ஐ எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மூடியை உலகமெங்கும் தெருவுக்குக் கொண்டுவந்த கார் அது. கெழு 0.23, முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டர் அளவு. 18 அங்குல அலாய் வீலின் மேல், கையால் பிடித்து இழுத்தால் கழன்று வரும் பிளாஸ்டிக் மூடி. மணிக்கு 110 கிலோமீட்டரில் இந்தக் கார்மேல் காற்று காட்டும் எதிர்ப்பு ஏறத்தாழ 286 நியூட்டன். ஓட்டுநரோடு சேர்த்து 1,850 கிலோ என்று வைத்துக்கொண்டால் டயர் உருள்வதில் வரும் எதிர்ப்பு 160 நியூட்டன் அளவு. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு காற்றுடையது. நான்கு மூடிகளும் சேர்ந்து கெழுவில் 0.01 மட்டுமே குறைக்கின்றன என்று வைப்போம். கேட்க அற்பமாக இருக்கும். அதுவே 12 நியூட்டன், மொத்த எதிர்ப்பில் 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. டெஸ்லாவின் தரப்பில் 10 சதவீதம் என்று பேசப்பட்டதுண்டு. அது நம்பக் கடினமான எண். அமெரிக்காவின் ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ் மூடியோடும் மூடியில்லாமலும் ஓட்டி அளந்தபோது கிடைத்தது சராசரியாக 3.4 சதவீதம். தாளில் போட்ட கணக்கும் தடத்தில் எடுத்த அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன.

இப்போதுதான் என் வாதத்துக்கு மிகக் கடுமையான எதிர்ப்பு வருகிறது, அதை நானே எடுத்துவைக்கிறேன். அந்த 12 நியூட்டன் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.35 யூனிட் ஆற்றல். மின்காரில் மோட்டார் இழப்பெல்லாம் சேர்த்தால் பேட்டரியில் மிஞ்சுவது 0.4 யூனிட். வீட்டில் சார்ஜ் செய்பவருக்கு அது மூன்று நான்கு ரூபாய். அதே மூடியை அதே வடிவமுள்ள பெட்ரோல் காரில் மாட்டினால்? பெட்ரோல் எஞ்சின், எரித்த ஆற்றலில் கால்பங்கையே சக்கரத்துக்குக் கொடுக்கிறது. ஆகவே மிச்சம் 1.4 யூனிட்டுக்குச் சமமான எரிபொருள், அதாவது 0.15 லிட்டர் பெட்ரோல், பதினைந்து ரூபாய். மூடி அதிகம் மிச்சப்படுத்துவது பெட்ரோல் காரில்தான்! பிறகு அது ஏன் மின்காரில் வந்து உட்கார்ந்தது? பணம் மிச்சம் என்ற காரணம் இங்கே உடைந்துபோகிறது, உடையத்தான் வேண்டும். ஏனென்றால் மூடி மிச்சப்படுத்துவது ஆற்றலின் விலையை அல்ல, ஆற்றலைச் சுமக்கும் பாத்திரத்தின் விலையை. பெட்ரோல் கார் இன்னும் 30 கிலோமீட்டர் ஓடவேண்டுமென்றால் டேங்கை இரண்டு லிட்டர் பெரிதாக்கினால் போயிற்று. தகடு கொஞ்சம் கூடும், எடை ஒன்றரை கிலோ ஏறும். 75 யூனிட் பேட்டரி உள்ள மின்காரில் மூடி தரும் 3 சதவீத தூரம் வேண்டுமென்றால் 2.25 யூனிட் செல்களைச் சேர்க்கவேண்டும். பேக்கின் எடைக் கணக்கில் அது 14 கிலோ. 2024இன் உலகச் சராசரி விலையான யூனிட்டுக்கு 115 டாலர் என்று பார்த்தால் 250 டாலருக்கும் மேல். நான்கு பிளாஸ்டிக் மூடிக்கு ஆகும் செலவு அதில் சிறு பங்கு. மின்காரின் மூடி, பேட்டரியின் பதிலாள். அப்படிப் பார்த்தால்தான் அது ஏன் இங்கே வந்தது, அங்கே வரவில்லை என்பது விளங்கும்.

பிரேக்கை மறந்துவிட்டாய் என்பார்கள், மறக்கவில்லை. திறந்த சக்கரத்துக்குப் பெட்ரோல் காரில் ஒரு வேலை இருந்தது: பிரேக் டிஸ்கின் சூட்டை வெளியேற்றுவது. 1,850 கிலோ எடையை 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் ஏறத்தாழ 860 கிலோஜூல், கால் யூனிட் ஆற்றல், அத்தனையும் நான்கு இரும்புத் தட்டுகளில் சில நொடிகளில் சூடாக இறங்குகிறது. மின்காரில் அந்த வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுகிறது. பிரேக் போடும்போது அது ஜெனரேட்டராக மாறி ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. டிஸ்குகள் பெரும்பாலும் சும்மா இருக்கின்றன. வோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 கார்களின் பின்சக்கரத்தில், பழங்கதை என்று ஒதுக்கப்பட்ட டிரம் பிரேக்கே மறுபடி வந்தது இதற்கு நல்ல சான்று. இருந்தாலும் பேட்டரி நிறைந்திருக்கும்போது மலைச்சாலையில் இறங்கினால், திருப்பியனுப்பும் ஆற்றலுக்குப் பேட்டரியில் இடமிருக்காது. உராய்வு பிரேக்கே முழு வேலையும் செய்யவேண்டும். ஆகவே பிளவுகளை முற்றாக அடைத்துவிட முடியாது. பிரேக் இந்த மாற்றத்துக்கு வழிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழி திறந்திருப்பது வேறு, அந்த வழியில் போக அவசியம் இருப்பது வேறு. அவசியத்தைக் கொடுத்தது பேட்டரி.

சட்டமே காரணம் என்பது இன்னொரு கட்சி. ஐரோப்பாவில் 2017 செப்டம்பரிலிருந்து புதிய மாடல்களுக்கும், ஓராண்டு கழித்து எல்லாப் புதுக் கார்களுக்கும் டபிள்யூஎல்டிபி என்ற சோதனைமுறை வந்தது. எந்தச் சக்கரத்தோடு கார் விற்கிறதோ அந்தச் சக்கரத்தின் காற்றுத் தடையையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்றானது. பெட்ரோல் கார்களின் சக்கரங்களும் அதன்பின் கொஞ்சம் தட்டையாகின என்பது உண்மை. ஆனால் ஐரோப்பிய விதிகள் அபராதம் போடுவது கார்பன் புகைக்கு. மின்காரின் கணக்கு அதில் எப்போதும் பூஜ்யம். சக்கரம் மூடியிருந்தாலும் பூஜ்யம், திறந்திருந்தாலும் பூஜ்யம். சட்டத்தின் அழுத்தம் மட்டுமே காரணமென்றால் நன்றாக மூடிய சக்கரங்களை நாம் பெட்ரோல் கார்களில் பார்த்திருக்கவேண்டும். நடந்ததோ நேர் எதிர். மின்காருக்குச் சோதனையிலிருந்து கிடைப்பது, ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் என்ற விளம்பர எண். அந்த எண் வாங்குபவரை அவ்வளவு உறுத்துவதற்குக் காரணமும் பேட்டரி சிறியது, நிரப்ப நேரமாகும் என்பதுதான். சுற்றி வந்து அங்கேயே நிற்கிறோம்.

பேட்டரி விலைதான் விழுந்துகொண்டே வருகிறதே, உன் வாதம் உண்மையானால் மூடிகள் குறைந்திருக்கவேண்டுமே என்று கேட்கலாம். 2010இல் யூனிட்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது; மூடிகளோ கூடியிருக்கின்றன. இந்தக் கேள்விக்கு விலையை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. அருமை என்பது காசு மட்டுமல்ல. எடையும் இடமும் நேரமும் அதில் சேரும். விலை சரிந்த வேகத்தில் பேட்டரியின் எடை சரியவில்லை. நெடுஞ்சாலைச் சார்ஜரில் காத்திருக்கும் நிமிடங்களும் மறையவில்லை. கிலோமீட்டருக்கு 3 சதவீதம் குறைவாகச் செலவழிக்கும் கார், சார்ஜரில் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 3 சதவீதம் கூடுதல் தூரத்தை ஏற்றிக்கொள்கிறது. பெரிய பேட்டரி வாங்கினாலும் இந்த லாபம் கிடைக்காது, மூடி கொடுக்கும். அதோடு, ஈவி1 காலத்தில் மின்கார் ஊருக்குள் ஓடும் வண்டி. இன்று அது வெளியூருக்குப் போகிறது, வேகமாகப் போகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். பேட்டரி மலிவானதால் மின்கார் நெடுஞ்சாலை ஏறியது. ஏறிய இடத்தில் காற்று காத்திருந்தது. இதற்கு மேல், சார்ஜ் இரண்டு நிமிடத்தில் ஏறும் நாளும் பேட்டரியின் எடை பாதியாகும் நாளும் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், மூடி மறுபடி கழலும் என்றே எதிர்பார்க்கிறேன். 1986க்குப் பின் நடந்தது அதுதான்.

கழற்ற ஆட்கள் இப்போதே தயார். மாடல் 3 வந்ததும் பலர் முதல் காரியமாக மூடியைப் பிடுங்கி அடியிலிருந்த அலாய் வீலை வெளியே காட்டினார்கள். நடுத்துளையை மறைக்கத் தனித் தொகுப்பையே கம்பெனி விற்றது. ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. கம்பி தெரியும் சக்கரம் வலிமையின் அடையாளமாக நூறாண்டுகளாகக் கண்ணில் பதிந்துபோயிருக்கிறது. ஆனால் அந்த அழகுக்கு என்ன விலை என்பது அமெரிக்க அரசுச் சோதனைகளில் பதிவாகியிருக்கிறது. 2021இன் மாடல் எஸ் பிளெய்ட், 19 அங்குலச் சக்கரத்தோடு 396 மைல் ஓடும் என்று சான்று பெற்றது. 21 அங்குலச் சக்கரத்தோடு 348 மைல். இந்த வித்தியாசம் முழுவதையும் மூடியின் கணக்கில் எழுதுவது தவறு. டயர் மாறுகிறது, அகலம் மாறுகிறது, எடையும் மாறுகிறது. சக்கரத்தைத் தொட்டால் எத்தனை மைல் இடம்பெயரும் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. மறுபக்கம், மூடியில் ஆசை அளவு மீறினாலும் வினைதான். சைபர்டிரக்கின் மூடி ரிம்மைத் தாண்டி டயரின் பக்கச்சுவர் மேலேயே படர்ந்திருந்தது. காற்றுக்கு அது சரி. ஆனால் எடையேறிய டயர் தரையைத் தொடும் இடத்தில் பிதுங்கும், வளைந்துகொடுக்காத மூடி அங்கே உராயும். டயரில் தடம் விழுந்ததும் அந்த மூடிகளை நிறுத்தி, வடிவத்தை மாற்றவேண்டி வந்தது. 2022இல் ஸ்டுட்கார்ட்டுக்கு அருகிலுள்ள சின்டெல்ஃபிங்கனிலிருந்து பிரான்சின் காசீஸ் வரை, ஒரே சார்ஜில் 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய மெர்சிடிஸ் ஈக்யூஎக்ஸ்எக்ஸ் காரில் டயரின் பக்கச்சுவரையும் மூடியையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்த்தே வடிவமைத்தார்கள். அங்கேயும் பின்சக்கரங்களின் அகலம் முன்சக்கரங்களைவிட 5 சென்டிமீட்டர் குறைவு. ஈவி1இன் 23 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் அது சிறிது. பாடம் அதே பாடம்.

நம் சாலைகளுக்கு இது பொருந்துமா என்ற சந்தேகத்துக்கும் பதில் சொல்லவேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் காரிலும் காற்றுக்கேற்ற 17 அங்குலச் சக்கரங்கள் உண்டு. மேலே மாடல் 3க்குப் போட்ட கணக்கையே 40 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டால், காற்றின் எதிர்ப்பு 38 நியூட்டனுக்கு இறங்கிவிடுகிறது; டயரின் 160 அப்படியே நிற்கிறது. மூடியின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. அண்ணா சாலை நெரிசலில் மூடியால் பெரிய பயன் இல்லை. அங்கே டயரில் சரியான காற்று இருக்கிறதா என்று பார்ப்பது கூடுதல் பலன் தரும். கிண்டியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் 100ஐத் தொட்டால் கதை வேறு. அந்த வேகத்தில் லாபம் இரண்டரை சதவீதத்தைத் தாண்டுகிறது. 350 கிலோமீட்டர் பயணத்தில் ஒன்பது கிலோமீட்டர். ஓசூருக்கும் பெங்களூருக்கும் நடுவே, பேட்டரி 5 சதவீதத்தில் நிற்கும்போது, அடுத்த சார்ஜர் அந்த ஒன்பது கிலோமீட்டருக்குள் இருக்கக்கூடும். ஆனால் அந்த நிலைமையை மூடியைவிட அதிகமாகத் தீர்மானிப்பது டயர். உருளும் எதிர்ப்பைக் குறைக்க ரப்பரில் சிலிக்கா கலந்த கதையை அடுத்த பகுதியில் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)